லாசரஸ் கேட்காமல் எடுத்த சத்தம்

எங்கள் எதிர்வீட்டு லாசரஸ் எதையும் கேட்காமல் எடுக்கமாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவது அவன் கேட்காமல் எடுத்த ஒன்றைப் பற்றி. அதைக் கேட்டுவிட்டு யாரும் அவனைத் திருடன் என்று நினைத்துவிடக் கூடாது.

புக்கிட் பாத்தோக்கில் ஒரு அடுக்குமாடி புளோக், அதில் பன்னிரண்டாம் மாடி. அவன் கம்பிக் கதவைத் திறந்தால் நேரே என் கம்பிக் கதவு. இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். அதனால் என் வாயில் அவன் என்றுதான் வரும். ஐம்பத்திரண்டு வயது, தலை நரைத்தவன், பஸ் ஓட்டுகிறவன், இருந்தாலும் அவன்தான்.

ஒரு நாள் காலை அடுப்படியில் மிளகு இடித்துக்கொண்டிருந்தேன். கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நின்றான்.

"பெரியம்மா, அந்தச் சத்தத்த எடுத்துக்கலாமா?"

"எந்தச் சத்தத்தடா?"

"நீங்க இடிக்கிற சத்தம்."

"மிளகு வேணும்னா கேளு, தரேன். சத்தத்த எடுத்துட்டுப் போயி என்ன பண்ணப்போறே?"

"ஒரு வேலை இருக்கு. கேட்டுட்டுத்தானே எடுக்கணும்."

எடுத்துக்கொள் என்றேன். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி கனத்தில் ஒரு கறுப்புச் சாமானை எடுத்து இடிகல்லுக்குப் பக்கத்தில் வைத்தான். நான் இடித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். முடிந்ததும் கோயிலில் தீர்த்தம் வாங்கியவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

இரண்டு வாரம் கழித்து என்னை அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். கம்ப்யூட்டர் திரையில் என் மிளகுச் சத்தம் ஒரு நீளக் கோடாகப் படுத்திருந்தது. கல் விழுந்த இடத்தில் கோடு தடித்திருந்தது, கையைத் தூக்கிய இடத்தில் மெலிந்திருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்தான். இழுத்தான். அது நீண்டுகொண்டே போனது. பிறகு சுதியைக் கீழே இறக்கினான். என் மிளகு ஒரு பெரிய மணியாக ஆகிவிட்டது, மாதா கோயிலில் துக்கத்துக்கு அடிக்கிற மணி. அதையே பின்பக்கமாக ஓட்டினான். கல் விழுவதற்கு முன்பே சத்தம் பிறந்து, வளர்ந்து வளர்ந்து வந்து, விழவேண்டிய இடத்தில் டக்கென்று நின்றுவிட்டது.

"இது என் கல்லாடா?"

"உங்க கல்லுதான் பெரியம்மா. நான் வெளியிலேர்ந்து ஒண்ணும் சேக்கல. உள்ள இருந்ததுதான்."

அவன் மனைவி பிலோமினா பிள்ளைகள் காப்பகத்தில் சமைக்கிறவள். வாய்க்காரி. அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "மத்தவ புருஷன் குடிக்கிறான், சீட்டாடுறான். எம் புருஷன் சத்தத்த நறுக்குறான். யார்கிட்டப் போயி கம்ப்ளெயின் பண்றது, சொல்லுங்க."

அவன் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிடோக்கில் பிறந்து வளர்ந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை கணக்குப் பார்த்தவர். இவன் பத்து வயதிலிருந்து மாதா கோயில் தமிழ்ப் பாடகர் குழுவில் தபேலா வாசித்தான். பதினெட்டு வருஷம் வாசித்தான். கப்பல் பட்டறையில் வேலைக்குப் போனான். அங்கே ஒரு இரும்புத் தகடு இடது கையில் விழுந்தது. விரல் போகவில்லை, ஆனால் இரண்டு விரல் மடங்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்க அந்தக் கை போதும். தபேலாவுக்குப் போதாது. தபேலாவைத் துணி சுற்றி அலமாரி மேல் வைத்தான், பஸ் ஓட்டப் போனான். ஐந்தாறு வருஷம் வீட்டில் ஒரு பாட்டுக்கூடப் போடவிடமாட்டானாம். பிலோமினா சொன்னாள்.

பிறகு சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தை மூடப்போகிற சமயத்தில் அங்கே ஒரு ரெக்கார்டரைப் பார்த்து வாங்கிவந்தான். பஸ் கதவு பெருமூச்சு விடுகிற சத்தம், கார்டு தட்டினால் பீப் என்கிற சத்தம், டிப்போவில் மழை பெய்தால் வரிசையாக நிற்கும் பஸ்களின் தகரக் கூரைச் சத்தம். ஓட்டும்போது அதைத் தொடமாட்டான். வேலை முடிந்தபிறகுதான். அந்தத் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, ஒன்றைத் தபேலாவின் இடப்பக்கமாகவும் ஒன்றை வலப்பக்கமாகவும் ஆக்கிக்கொண்டான். அதற்கு ஒரு விரல் போதும்.

ஆள் சம்பந்தப்பட்ட சத்தம் என்றால் கேட்டுத்தான் எடுப்பான். தேக்கா சந்தையில் மீன் வெட்டுகிற ஜலாலுதீனிடம் கத்திச் சத்தத்துக்குக் கேட்டிருக்கிறான். "கத்திய வேணா கேளு, தரமாட்டேன். சத்தம் எடுத்துக்கோ லா" என்றாராம் அவர். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

தவறியது லோகுவின் சாவில்.

எங்கள் வரிசையில் கடைசி வீடு சரசுவுடையது. ஜோகூரில் குளுவாங் பக்கம் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் ஆகி இங்கே வந்தவள். புருஷன் முன்பே போய்விட்டார். ஒரே மகன் லோகேந்திரன். லோகு என்றால்தான் புளோக்கில் தெரியும். உட்லண்ட்ஸில் வேலை. இருபத்தொன்பது வயது. போன வருஷம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை பூப்பந்து விளையாடப் போனவன், ஆட்டத்தின் நடுவே உட்கார்ந்தான், சாய்ந்தான், அவ்வளவுதான். இதயம் என்றார்கள். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவன் இல்லை.

புளோக்குக்குக் கீழே, தூண்கள் மட்டும் நிற்கும் வாய்ட் டெக்கில் ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுவந்து கிடத்தினார்கள். மறுநாள் மத்தியானம் எரிக்க மண்டாய்க்குக் கொண்டுபோக ஏற்பாடு. வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், பாக்கெட் தண்ணீர். லோகுவின் ஆபீஸ் ஆட்கள், சீனர், மலாய்க்காரர், எல்லோரும் வெள்ளைச் சட்டையில் வந்து அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். சரசு காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மூன்று மணி இருக்கும், திடீரென்று நாற்காலியிலிருந்து இறங்கிச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். எடுத்தாள்.

"பன்னண்டாம் மாடியில பாலூட்டி வளத்தேனே
பறக்குற கப்பலெல்லாம் பாருன்னு காட்டுனனே..."

ஒப்பாரி. அந்த இடத்தில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். நாற்காலி நகர்த்துகிறவன் நகர்த்தாமல் நின்றான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், தெரியாதவர்களுக்காக. ஒப்பாரியை ஒருத்தி தனியாகப் பாடுவதில்லை. ஒருத்தி இரண்டு அடி சொல்லி, கடைசிச் சொல்லை இழுத்து, மூச்சை உள்ளே வாங்குவாள். அந்த மூச்சுக்குள் பக்கத்தில் இருப்பவள் அந்தக் கடைசிச் சொல்லை எடுத்துக்கொண்டு அடுத்த அடியைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் முதல் ஆள் அழ முடியும். பாடிக்கொண்டே எப்படி அழுவது? மற்றவள் எடுத்துக்கொண்டால்தான் இவளுக்கு அழ நேரம் கிடைக்கும். அதற்குத்தான் அது.

சரசு காட்டுனனே என்று இழுத்து மூச்சை வாங்கினாள். காத்திருந்தாள். யாரும் எடுக்கவில்லை. எங்களைச் சுற்றி இருந்தவர்களில் யாருக்குத் தெரியும் அது? இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். கடைசியில் தன் சொல்லைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"காட்டுன கப்பலுல நீ மட்டும் ஏறினியே
கையசைக்க எனக்குக் கொஞ்சம் நேரந்தராமப் போனியே..."

மறுபடி மூச்சு. மறுபடி காத்திருப்பு. இப்படி ஆறு தடவையோ ஏழு தடவையோ. பிறகு நிறுத்திவிட்டாள். எழுந்து முடியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

லாசரஸ் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் கை சட்டைப் பைமேல் இருந்தது. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு துக்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவன் வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. முன்பெல்லாம் எதையாவது செய்தால் ஸ்பீக்கரில் போட்டு, "பெரியம்மா, இது என்னன்னு சொல்லுங்க" என்று கேட்பான். அது லிஃப்டு கதவாக இருக்கும், பிலோமினாவின் குக்கர் விசிலாக இருக்கும். இப்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓய்வுநாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். பிலோமினாவுக்கே கேட்கக் கொடுக்கவில்லை.

"என்ன பண்றாரோ தெரியல பெரியம்மா. ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூடப் பின்னால நிக்கிறாரு, நற்கருணை வாங்கப் போகமாட்டேங்கிறாரு" என்றாள். அதைக் கேட்டபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். படவில்லை.

பிப்ரவரியில் அவனுக்கு ஒரு அழைப்பு வந்தது. டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் அஃப்னா என்ற பெண், ஊர்ச் சத்தங்களை வைத்து இசை செய்கிறவர்களைக் கூட்டி ஒரு நிகழ்ச்சி நடத்துகிறாள். முப்பது வயதிருக்கும், முக்காடு போட்ட, சுறுசுறுப்பான பெண். இவன் மழைச் சத்தத்தை எங்கோ கேட்டுவிட்டுத் தேடி வந்திருக்கிறாள். நான்கு துண்டு போடவேண்டும், மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கை நசுங்கின பிறகு அவனை யாரும் வாசிக்கக் கூப்பிட்டதே இல்லை. இருபத்துநாலு வருஷம். பிலோமினா அவனுக்கு ஒரு நீலச் சட்டைத் துணி எடுத்துத் தைத்து வைத்தாள். வரிசை முழுக்கச் சொன்னாள். மகன் போனதிலிருந்து வெளியே தலைகாட்டாத சரசுவையும், "வாங்கக்கா, ரெண்டு மணிநேரம் வெளிய வந்தா மூச்சு விட்டமாதிரி இருக்கும்" என்று பிடித்து இழுத்துவந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். நல்ல மனசில் செய்தாள்.

சனிக்கிழமை நான்கு மணி. ரயிலில் போனோம். நாற்பது நாற்காலி, முக்கால்வாசி சின்னவர்கள். நான், சரசு, பிலோமினா மூன்றாவது வரிசை. லாசரஸ் மேடையில் கம்ப்யூட்டரைத் திறந்து நிமிர்ந்தான், சரசுவைப் பார்த்தான். அவன் முகத்தை நான் பார்த்தேன். பஸ்ஸுக்கு முன்னால் யாரோ குறுக்கே வந்ததுபோல இருந்தது.

முதலில் மழை போட்டான். பிறகு ஜலாலுதீனின் கத்தி. மூன்றாவது என் மிளகு மணி. நன்றாகக் கைதட்டினார்கள். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன், பொய் சொல்லமாட்டேன். நான்காவதுக்கு முன்னால் அவன் ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அஃப்னா ஓரத்திலிருந்து, "அண்ணே, ரெடியா?" என்று மெதுவாகக் கேட்டாள். பட்டனை அழுத்தினான்.

கடல் மாதிரி ஒன்று வந்தது. தூரத்தில் எழுந்து, கிட்டே வந்து, மேலே மேலே ஏறி, உடையாமல் நின்றது. அடுத்தது அதற்கும் மேலே ஏறியது. அடியில் பஸ் கதவு பெருமூச்சு விட்டது. எங்கேயோ கார்டு தட்டுகிற பீப், ஒன்று, நிதானமாக. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சரசு என் கையைப் பிடித்தாள். "போலாங்க்கா" என்றாள்.

கீழே நடைபாதையில் வந்து நின்றோம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என் மூச்சுக்கா."

"என்னடி சொல்றே?"

"என் மூச்சு எனக்குத் தெரியாதா? லோகுவப் பெத்தப்ப விட்ட மூச்சும் அதான். அவன் போனப்ப விட்ட மூச்சும் அதான். எம்புட்டு இழுத்தாலும் எனக்குத் தெரியும்."

பூக்கடைகளைத் தாண்டி ரயில் நிலையத்துக்கு நடந்தோம்.

மறுநாள் மத்தியானம் லாசரஸ் என் வீட்டுக்கு வந்தான். அன்று காலை சரசு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். கம்பிக் கதவும் திறக்கவில்லை, உள்கதவும் திறக்கவில்லை. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மடங்காத விரல்களை மற்றக் கையால் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வார்த்தை ஒண்ணுகூட இல்ல பெரியம்மா. எல்லாத்தையும் வெட்டிட்டேன். மூச்சு மட்டுந்தான் வச்சேன். யாருன்னு யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"தெரியாதுன்னு நெனச்சுத்தானே கேக்காம இருந்தே."

தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னைக்கிக் கை தன்னால போச்சு. அழுவுற தாய்கிட்டப் போயி எடுத்துக்கலாமான்னு எப்படிக் கேக்குறது?"

"அன்னைக்கி முடியல. சரி. பதினாறாம் நாளு? அதுக்கப்புறம் எட்டு மாசம்? எதிர எதிர லிஃப்டுல நிக்கிறீங்களே."

"ஒரு நாள் தள்ளிப்போனா மறுநாள் கேக்குறது இன்னும் கஷ்டமாயிருக்கு பெரியம்மா. அப்புறம் அத விடவும் முடியல. நான் பண்ணதுலயே அது ஒண்ணுதான் உருப்படி."

அஃப்னா அதை ஒரு இசைத்தொகுப்பில் சேர்த்து இணையத்தில் வெளியிடக் கேட்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். "வேணாம்னு சொல்லிடுறேன். அழிச்சிடுறேன்" என்றான். கேட்காமல் எடுத்ததற்கு வெட்கம் ஒரு பக்கம், பெற்றதை அழிக்கிற வேதனை ஒரு பக்கம்.

"அழிக்கிறதுன்னாலும் அவளக் கேட்டுட்டு அழி" என்றேன். "எடுக்கும்போதுதான் கேக்கல."

பிறகு அவன் எனக்குக் காட்டினான். சரசுவின் ஒப்பாரி முழுவதும் திரையில் கோடாக இருந்தது. வார்த்தை இருக்கும் இடம் தடித்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு மெலிந்த இடம், மூச்சு. அதற்கும் பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு இடம், நூல் மாதிரி.

"இது என்னடா, இங்க ஒண்ணுமில்லயே."

"அங்க அவங்க சும்மா இருக்காங்க பெரியம்மா. பதினோரு செக்கண்டு. ஏன்னு தெரியல. நான் அத எடுத்துட்டு, மூச்ச இழுத்து அந்த எடத்த நெறச்சிட்டேன்."

அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அந்த இடம் நான் எடுத்திருக்க வேண்டிய இடம். அன்று சரசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். எனக்கு ஒப்பாரி தெரியும். என் அம்மாவுக்கு எடுத்திருக்கிறேன், மாமியாருக்கு எடுத்திருக்கிறேன். சரசு மூச்சை வாங்கிக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். என் மகள் முழங்கையைத் தொட்டு, "அம்மா, வேணாம்மா. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மகள்மேல் பழியில்லை. எழுபத்தேழு வயதுக்காரி, யார் சொல்லியும் எதையும் நிறுத்தாதவள், அன்று நிறுத்தினேன். வெள்ளைச் சட்டைக்காரர்கள் முன்னால் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற என் பேத்தி இந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டு, "அம்மா இதப் படிப்பாங்களே, அம்மாச்சி" என்றாள். படிக்கட்டும், நீ எழுது என்றேன்.

மறுநாள் காலை சரசு வீட்டு வாசலுக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. ஒரு முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கீரை ஆய்ந்தேன். ஒரு மணிநேரம் கழித்து உள்கதவு திறந்தது.

"முட்டி வலிக்கப்போவுது. வீட்டுக்குப் போங்கக்கா."

"வலிக்கட்டும்."

"அவனுக்காகப் பேச வந்திருக்கீங்களா?"

"இல்ல. எனக்காக."

கம்பிக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே லோகுவின் படத்துக்குக் கீழே அவன் பூப்பந்து மட்டை சார்த்தியிருந்தது. அவள் சொன்னாள்: "அன்னைக்கி நான் என்ன பாடுனேன்னே எனக்கு ஞாபகமில்லக்கா. ஒரு வார்த்தை ஞாபகமில்ல. மகனுக்கு நான் கடைசியா என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியல. அது லாசரஸ் பெட்டிக்குள்ள இருக்கு. அவனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. அதுதான் எனக்குத் தாங்கல."

"முழுசும் வச்சிருக்கான். வா, கேப்போம்."

வரமாட்டேன் என்றாள். நானும் விடவில்லை. மூன்று நாள் போனேன். நான்காவது நாள், லாசரஸின் ஓய்வுநாள், மத்தியானம் அவளே என் கதவுக்கு வந்து நின்றாள். இரண்டு பேருமாக எதிர்வீட்டுக்குப் போனோம்.

லாசரஸ் எழுந்து நின்றான். பிலோமினா காப்பி கொண்டுவந்தாள், யாரும் தொடவில்லை. சரசு அவனைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள்.

"வெட்டாதது இருக்குன்னாங்க. போடு."

போட்டான். பன்னிரண்டாம் மாடி வந்தது, கப்பல் வந்தது. சரசு தன் வாயிலிருந்து வந்ததை முதல்முறையாகக் கேட்டாள். மூச்சு வந்தது. பிறகு ஒன்றுமில்லாத அந்த இடம். அதற்குள் தூரத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில், யாரோ தொண்டையைச் செருமி நிறுத்தினார்கள்.

"அது யாரு?"

"நாந்தான்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

"எடுத்திருக்கலாங்க்கா."

"எடுத்திருக்கலாம்."

"நான் ஒங்களத்தான் பாத்தேன்."

"தெரியும் சரசு."

அடுத்த அடி ஓடியது. நேரந்தராமப் போனியே என்று இழுத்தாள். மூச்சை வாங்கினாள். அந்த இடம் வந்தது. நான் எடுத்தேன். என் குரல் துருப்பிடித்த கதவு மாதிரிதான் வந்தது.

"போன எடம் சொல்லியிருந்தா பொறப்பட்டு வந்திருப்போம்
போட்ட சோறு ஆறலையே பொன்னு மகன் காணலையே..."

சரசு என் தோளில் முகத்தை வைத்தாள். அன்று சிமெண்டுத் தரையில் அழாத அழுகை. நான் விடாமல் அடுத்ததை எடுத்தேன், அதற்கடுத்ததையும். பட்டப்பகல், கதவு திறந்திருந்தது. வரிசையில் போன யாரோ நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். பிலோமினா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு மண்டியிட்டுவிட்டாள். லாசரஸ் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பதிவை எப்போது நிறுத்தினான் என்று தெரியவில்லை.

ரொம்ப நேரம் கழித்து சரசு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப பாடுனதையும் எடுத்துட்டியா?"

லாசரஸ் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ரெக்கார்டர் அலமாரி மேல், துணி சுற்றின தபேலாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இல்லக்கா. கேக்கலயே."

"அன்னைக்கிக் கேட்டியா?"

"இல்ல. தப்பு. மன்னிச்சிருங்கக்கா. சொல்லுங்க, இப்பவே ஒங்க முன்னாலயே அழிச்சிடுறேன்."

சரசு யோசித்தாள். காப்பியில் ஆடை படிந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"பேச்சு என்னோடது. அத எனக்குக் குடுத்துடு, ஒங்கிட்ட இருக்கக் கூடாது. மூச்ச நீ வச்சுக்க. அத நீ எட்டு மாசம் பாத்திருக்கே."

"சரிக்கா."

"ஆனா அந்த எடத்த நெறச்சு வச்சிருக்கியே, அத எடு. யாரும் எடுக்கல அன்னைக்கி. எடுத்தமாதிரி காட்டாதே."

"பெரியம்மா இப்ப எடுத்தாங்களே" என்றாள் பிலோமினா, மெதுவாக.

"அது இன்னைக்கி."

சரசு சொன்னது சரி.

லாசரஸ் ஒரு சின்னப் பெட்டியில் அந்த ஒப்பாரியை ஏற்றிக் கொடுத்தான். ஒரே பட்டன், அழுத்தினால் பாடும். தன்னிடம் இருந்ததை சரசு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தான். அழிக்கவா என்று கம்ப்யூட்டர் அவனைக் கேட்டதாம். அவன் சரசுவைக் கேட்டான். அவள் ம் என்றாள்.

அதற்குப் பிறகு அவன் மூச்சுகளை மறுபடி அடுக்கினான். இழுத்துவைத்ததை எல்லாம் சுருக்கி, ஒவ்வொரு மூச்சுக்குப் பிறகும் பதினோரு செக்கண்டு வெறுமனே விட்டான். பஸ் கதவும் இல்லை, பீப்பும் இல்லை. சரசுவைக் கேட்டுவிட்டு அதை அஃப்னாவுக்கு அனுப்பினான், அவள் போன் செய்தாள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"அண்ணே, பியூட்டிஃபுல்லா இருக்கு. ஆனா நடுவுல சைலன்ஸ் டூ லாங். ஆளுங்க ஃபைல் ஸ்பாயில்னு நெனச்சு ஸ்கிப் பண்ணிடுவாங்க லா. நாலு செக்கண்டு வைக்கலாமா?"

"இல்லம்மா. பதினொண்ணுதான்."

"ஏன் பதினொண்ணு?"

"அவ்வளவு நேரம் காத்திருந்தாங்க."

அவள் சரி என்றாள்.

லோகுவின் வருஷத் திதிக்கு முந்தின வாரம் அது வெளிவந்தது. பெயர் போடுகிற இடத்தில் லாசரஸ் என்று இருக்கிறதாம், அதற்குக் கீழே மூச்சு, சரசு என்று இருக்கிறதாம். பேத்தி படித்துக் காட்டினாள். லாசரஸ் இப்போது பூசையில் முன்வரிசைக்குப் போகிறான் என்று பிலோமினா சொன்னாள். சரசு லிஃப்டில் அவனைப் பார்த்தால், "வேலைக்கா?" என்று கேட்கிறாள். அதற்குமேல் பேச்சில்லை. அந்த அளவுக்கு வந்திருக்கிறது.

பேத்தி அதை எனக்குப் போட்டுக் காட்டுவாள். மூச்சு மேலே ஏறும், நிற்கும். பிறகு அந்த இடம் வரும். முதல் தடவை நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். இப்போது போவதில்லை. பதினோரு செக்கண்டும் உட்கார்ந்திருக்கிறேன்.